கசத்துக்குப் போன படகு

தில்லைநாயகத்துக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். அன்றைக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் அசன் மைதீன் கடைக்குள் நுழையும்போதே இரண்டு காதும் சிவந்துதான் இருந்தன. டிரோன், ரிமோட் கார், பொம்மைப் படகு இவற்றுக்கெல்லாம் சாமான் விற்கிற கடை அது. கருகிப்போன ஸ்பீடு கண்ட்ரோலர் ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் டொப்பென்று வைத்தார்.

"ஏன் வே பாய், ரெண்டு மோட்டாருக்கு ஒரு கண்ட்ரோலர் போதும்னு சொன்னீரே, மோந்து பாரும்!"

அசன் மைதீன் மோந்தே பார்த்தார். "பேரப்பிள்ளைக்கு வெளாட்டுக்கு வாங்குதீருன்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி."

"வெளாட்டா? ஒரு மனுசன் சாவக் கெடந்தான் வே!"

அது உண்மைதான். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஓர் ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் பம்பு ஹவுஸில் முப்பத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் தில்லைநாயகம். ஆற்றின் ஆழமான இடத்தை அங்கே கசம் என்பார்கள். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாய் அந்தக் கசத்தில், ஒரு சல்லடைக்குப் பின்னால் இருக்கிறது. பாவம் போக்கவும் தோஷம் கழிக்கவும் உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறவர்களுக்கு மேலே படித்துறைகளில் பஞ்சமே இல்லை. அவர்கள் பாவம் தொலைந்ததோ இல்லையோ, துணி நேரே வந்து சல்லடையை மூடிக்கொள்ளும். மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. யாராவது மூச்சைப் பிடித்து முங்கி, துணியை உருவ வேண்டும்.

"பருத்தின்னா மக்கித் தொலையும். எல்லாம் டெரிகாட்டன். ஒங்க பாவத்த நாங்க குடிக்கணுமாலே?" என்று படித்துறையில் நின்று கத்துவார். அதற்கு மேல் அவர் சொல்வதையெல்லாம் எழுத முடியாது. அவர் கோபப்படாத வருஷம் ஒன்றே ஒன்றுதான், ஓய்வுபெற்ற வருஷம். மகளுக்கு வரன் தகையவில்லை. மனிதர் ஒடிந்துபோய், மனைவி கோமு இழுத்த கோயிலுக்கெல்லாம் போனார். சோதிடர் சொன்ன பரிகாரத்தையெல்லாம் வாய் பேசாமல் செய்தார். அடுத்த தையில் கல்யாணம் முடிந்தது, கோபமும் பத்திரமாக வீடு திரும்பியது.

அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவன் சங்கர். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். போன மாதம் முங்கியவனின் கால்களில் எதுவோ சுற்றிக்கொண்டது. உதறி மேலே வந்தபோது உதடு நீலமாகியிருந்தது. "சேலையா வேட்டியா, என்ன எழவுன்னு தெரியல அண்ணாச்சி, உள்ள கும்மிருட்டு" என்று கரையில் கிடந்து வாந்தி எடுத்தான். தில்லைநாயகம் மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இனி ஒருத்தனும் முங்கக் கூடாது என்று அவரே முடிவெடுத்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றோடு கசத்தில் போட வேண்டும், துணி மாட்டியதும் கரையிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். கையால் எறிந்து பார்த்தார், பாதித் தூரம்கூடப் போகவில்லை. அதனால்தான் கரண்டியைச் சுமந்துபோக ரிமோட் படகு. கயிற்றையும் இழுத்துக்கொண்டு நீரோட்டத்தில் போக ஒரு மோட்டாரால் முடியாது, எனவே இரண்டு. முதல் ஓட்டத்திலேயே ஒரு விசிறியில் துணி சுற்றி, கண்ட்ரோலர் புகைந்து, படகு நட்டாற்றில் படுத்துவிட்டது.

"துணி சுத்துனா அந்த மோட்டாருக்குக் கரண்டு எகிறுது," என்றார் அசன் மைதீனிடம். "ரெண்டுக்கும் ஒரே கண்ட்ரோலர்னா, நல்லா இருக்கிறதும் சேந்து சாவுது. ஆளுக்கொண்ணு குடும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு கரைக்குக் கொண்டாந்து சேக்கணும்."

"சுக்கான் வேண்டாம்லா? ரெண்டு மோட்டார் வேகத்த வச்சே திருப்பிக்கிடலாம்."

"ஒண்ணு செத்த பொறவு? செக்கு மாடு மாதிரி நின்ன எடத்துலயே சுத்தும். சுக்கானும் வேணும் வே. மோட்டாருக்கு ரெண்டு சேனல், சுக்கானுக்கு ஒண்ணு, கரண்டிய விடுததுக்கு ஒண்ணு. நாலு சேனல் ரிமோட்டா எடும்."

அசன் மைதீன் உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார். "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீரும். ரெண்டு கண்ட்ரோலர்ல இருந்தும் ரிசீவருக்குச் சிவப்பு வயர் வரும். ஒண்ணக் கழத்தி டேப் சுத்திரும். ரெண்டும் கரண்டு குடுத்தா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நிக்கும்."

"எங்க வீடு மாதிரின்னு சொல்லும்," என்றார் தில்லைநாயகம். அன்றைக்கு அவர் சிரித்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் படகை விட்டார்கள். கசத்தை எட்டியதும் தில்லைநாயகம் ரிமோட்டை அழுத்த, கரண்டி கழன்று விழுந்தது. திரும்பும் வழியில் இடது விசிறி நின்றுவிட்டது. சங்கர் "போச்சு" என்றான். போகவில்லை. சுக்கானை ஒருபக்கம் ஒடித்துப் பிடித்து, வலது மோட்டாரை வைத்தே படகைக் கரைக்குக் கொண்டுவந்தார். விசிறியில் சேலைக் கிழிசல் இறுகியிருந்தது. கத்தியால் அறுத்துக்கொண்டே, அதை விட்டவளின் ஏழு தலைமுறையையும் வைதார்.

சங்கர் கயிற்றை இழுத்தான். பாதாளக்கரண்டியில் ஒரு மூட்டை துணி வந்தது. சேலை, துண்டு, பாசி பிடித்த ஒரு காக்கிச் சட்டை. "எந்த மூதியோ..." என்று சட்டையை உதறியவர் காலரைப் பார்த்து நிறுத்தினார். உள்பக்கம் சிவப்பு நூலில் 'தி.நா'. சலவையில் மாறிப்போகாமல் இருக்கக் கோமு தைத்தது.

ஓய்வுபெற்ற வருஷம், வேலைக்கு உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொன்னார் சோதிடர். விட்டார். தான் விட்டது பரிகாரம், ஊரார் விட்டது குப்பை என்றே இத்தனை நாளும் இருந்துவிட்டார்.

"லே சங்கர், அன்னைக்கி உன் கால்ல சுத்துனது என்ன?"

சங்கர் சட்டையைப் பார்த்தான். காலர் எழுத்தையும் பார்த்தான். "சேலைதான் அண்ணாச்சி. நல்லா ஞாபகம் இருக்கு."

"பொய் சொல்லாதலே!"

குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல் இரண்டும் சிவந்து நின்றார் தில்லைநாயகம். வைவதற்கு இந்தத் தடவை வேறு ஆள் இல்லை. விசிறியில் மிச்சமிருந்த நூலைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கரண்டியைப் படகில் மாட்டி மறுபடி தண்ணீரில் விட்டார். கசத்தில் இன்னும் துணி கிடந்தது.