லைனில் நின்ற தம்பி

எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்துக்கு நாங்கள் வந்து இரண்டாவது பனிக்காலம். எனக்கும் கணவருக்கும் அகதிகளாக இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. இலங்கையில், மன்னாரில் என் அக்காவோடு விட்டுவந்த மகளுக்குத்தான் கிடைக்கவில்லை. எங்களைப் போலப் பலருடைய விண்ணப்பங்கள் அப்போது கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. அவளுடைய குரலைக் கேட்கவென்றே வீட்டில் தொலைபேசி எடுத்திருந்தோம்.

மேல்வீட்டில் காசாவைச் சேர்ந்த பாலஸ்தீனப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் கடற்கரைக்காரி, நானும் கடற்கரைக்காரி. அரைகுறை டேனிஷில் மீனைப் பற்றிக் கதைத்தே சிநேகிதமானோம். அவளுடைய ஒரே தம்பி அங்கே மீன் பிடிக்கிறவன். இஸ்ரேலுக்கு எதிரான மக்கள் எழுச்சி தொடங்கிய பிறகு அங்கே ஊரடங்கு, கடலுக்குப் போகத் தடை, வெளிநாட்டுத் தொலைபேசியும் துண்டிப்பு. கடற்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்ததாக யாரோ சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கொடுத்துவிடும் சோறு அப்படியே திரும்பி வரும். எனக்குக் கோபம் கோபமாக வரும், அவள்மேல் அல்ல, அவளை இப்படித் தவிக்க விட்டவர்கள்மேல். தன் வீட்டில் தொலைபேசி இல்லாததால், ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் அவள் எங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் குழம்பு கொதிக்கையில் தொலைபேசி அடித்தது. ஆண் குரல், அரபு மொழி. நடுவில் அவளுடைய பெயர் மட்டும் விளங்கியது. எங்கள் ஆட்கள் என்றால் "ஆளைக் கூட்டிக்கொண்டு வாறம், கொஞ்சத்தாலை எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிடுவோம். இவனுக்கு அதைச் சொல்ல எனக்கு மொழி இல்லை. சொன்னாலும் திரும்ப எடுக்க முடியுமோ என்னவோ, யார் கண்டது?

ரிசீவரைக் கணவரின் கையில் திணித்தேன்.

"ஆரப்பா?"

"மேல்வீட்டுக்காரியின்ரை ஆக்கள் போலக் கிடக்கு. வைக்க விடாதேங்கோ. நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"நான் என்னத்தைக் கதைக்கிறது? எனக்கு அரபு தெரியுமே?"

"தமிழிலை கதையுங்கோ. வாயை மட்டும் மூடாதேங்கோ."

இவருடைய வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. வேறு வழி இல்லை.

மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் தோய்க்கிறவள் என்பது நினைவுக்கு வர, பக்கத்துக் கட்டடத்தின் நிலவறையில் இருந்த சலவை அறைக்கு ஓடினேன். காலில் வீட்டுச் செருப்பு, கையில் அகப்பை. நாயோடு வந்த டேனிஷ் கிழவர் ஒருவர் என்னைக் கண்டு மரத்தோடு ஒட்டி நின்றார். அவளோ என் கோலத்தைப் பார்த்ததும் ஈரத் துணியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். கெட்ட செய்தி என்று நினைத்திருக்கிறாள், பாவம். தொலைபேசி என்பதற்கான டேனிஷ் சொல் மட்டும்தான் என் வாயில் வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தேன்.

கதவைத் திறந்தால், இவர் நிலத்தில் சம்மணமிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

"...அவளுக்கு இப்ப ஏழு வயசு, தம்பி. முன்பல்லு விழுந்திட்டுதாம். நான் இன்னும் பாக்கேல்லை. ஓம், ஓம். போனை வையாதை, அக்கா வந்திடுவா. நான் இருக்கிறன்."

மகளைப் பற்றி என்னிடம்கூட வாய் திறக்காத மனிதர்.

அவள் ரிசீவரை வாங்கினாள். முதலில் அழுகை, பிறகு சிரிப்பு, பிறகு இரண்டும். தம்பியேதான், உயிரோடு இருக்கிறான். கடல் மூடியதால் எல்லை தாண்டி இஸ்ரேலுக்குள் கட்டட வேலைக்குப் போகிறானாம். விடியமுன் வரிசையில் நின்று போய், பொழுதுபட முன் திரும்பிவிட வேண்டுமாம். வீட்டில் நிவாரண மாவில்தான் ரொட்டி, ஆனால் பிள்ளைகள் சுகம். வேலைத்தளத்து மேற்பார்வையாளர் இரங்கிக் கொடுத்த தொலைபேசி அது. கொஞ்ச நேரத்தில் லைன் நின்றுவிட்டது. அப்பாடா என்று நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் திரும்பவும் சோறு கேட்டு வாங்கினாள். சாப்பிட்டபடியே தம்பி சொன்னதைச் சொன்னாள். தொலைபேசியை வைக்கச் சொல்லி அங்கே அவசரப்படுத்தினார்களாம். ஆனால் அந்த அண்ணன் விடாமல் கதைத்ததில், அக்காவைத் தேடி யாரோ ஓடியிருக்கிறார்கள் என்பது விளங்கி, வைக்க மனம் வரவில்லையாம். இவர் அவளுடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டார்.

எங்கள் மகளும் பிறகு வந்து சேர்ந்தாள். துயரத்தில் இருக்கிறவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் ஒதுங்கப் பார்க்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒருவனோடு, அவனுக்கு விளங்காத மொழியில் "நான் இருக்கிறன்" என்று இவர் சொன்னது காதில் கேட்கும், நானும் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன்.