செபரேட்டாத்தான் வேணும்

எல்லாம் சேர்ந்த ஒரே மியூசிக் சிஸ்டத்தை என் தலையில் கட்டிவிடப் பார்த்தார் திருப்பதிக் கடைக்காரர். விலை குறைவாம், இடத்தையும் அடைக்காதாம். நான் அசையவில்லை. என் சம்பளத்துக்கு இப்போது ஆம்ப்ளிஃபயர் புதிது, ஸ்பீக்கர் ஜோடி செகண்ட்ஹேண்ட், சிடி பிளேயர் அப்புறம் என்று முடிவு செய்துதான் நகரியில் பஸ் ஏறியிருந்தேன்.

கணவர் போன் செய்தார். "எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டுமே, எதுக்கு வம்பு?"

"முடியாது. எனக்கு செபரேட்டாத்தான் வேணும். ஒண்ணா இருந்தா, ஒண்ணு கெட்டாலும் மொத்தமும் கெட்டுப்பூடும்."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததும், பக்கத்தில் மாமியார் இருந்ததும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது மாமியார் தறியை நிறுத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போன்ல நீ பேசினத நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். தனிக்குடித்தனம் போறியா?"

வாங்கி வந்த பெட்டிகளோடு உள்ளே போனேன். ஸ்பீக்கர்களைக் கூடத்தில் மூலைக்கு ஒன்றாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் ஒயர்களைச் செருகி, என் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டேன்.

"இந்தப் பெட்டிங்களத்தான் சொன்னேன், அத்தை."

அவர் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா?"

"இப்போதைக்கு அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.