ஐம்பத்து மூன்று விநாடிகளும் ஒரு கேம்ஷாஃப்டும்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை மணி 9.40. கிள்ளானில் வெயில் அதற்குள் ஏறிவிட்டது. மேற்கே மட்டும் ஒரு கறுத்த மேகம். பட்டறை வாசலில் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. மேசைமேல் இரண்டு புதிய கேம்ஷாஃப்டுகள்.

எஞ்சினின் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற தண்டு அது. ஒன்று 264 டிகிரி. மற்றது 288. எண் கூடினால் உச்ச வேகத்தில் சக்தி கூடும். மெதுவாகப் போகும்போது...? அங்கேதான் வில்லங்கம்.

எனக்கு வயது 68. வீடு பிரிக்பீல்ட்ஸில். இந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வெளியே வரும் — வருடத்துக்கு ஐம்பது தடவை. மீதி இரண்டு ஞாயிறு காய்ச்சலுக்கும் மழைக்கும். மூன்று மாதமாக என் மனத்தில் 288தான்.

மெக்கானிக் குணா தலையைச் சொறிந்தார். "அங்கிள், இந்த ஹை கேம் ரேஸ் ஓட்ற காடிக்கு லா. அஞ்சாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலதான் முழிக்கும். ஜாம்ல தூங்கும்."

"நான் ஜாம்லயே ஓட்றேன்னு யாருப்பா சொன்னா?"

குணா பக்கத்தில் நின்ற ஒரு காரை ஸ்டார்ட் செய்தார். அதற்குள் 288 இருக்கிறதாம். நின்ற இடத்திலேயே கார் குலுங்கியது.

கூட வந்திருந்த என் மனைவி சரோஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க ஆசைக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா இப்படி ஆடுனா என் இடுப்பு தாங்காது. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

பதினொரு வருடமாக ஞாயிறு என்றால் நாங்கள் இருவர். காரில் இருக்கையும் இரண்டே. அவள் இல்லாமல் எங்கே போவது? ஆனால் ஆசை... அது மட்டும் விடுமா?

குணாதான் வழி சொன்னார். "நாளைக்கு வழக்கம்போல ஓட்டுங்க. ஆர்பிஎம் முள்ளு அஞ்சாயிரத்தத் தாண்டுறப்ப மட்டும் ஆன்டி போன்ல நேரம் எடுக்கட்டும். மொத்தம் அஞ்சு நிமிஷம் வந்தா 288 போட்டுத் தரேன். ஓகே?"

எண்ணிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேனா?

மறுநாள் கோயில், கிள்ளானில் தோசை, வீடு. இரண்டு மணி ஐந்து நிமிட ஓட்டம். பத்தொன்பது சிவப்பு விளக்கு. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் — டோலைத் தாண்டியதும், தேவையே இல்லாமல், இரண்டாவது கியரிலேயே முள் ஏறும்வரை இழுத்தேன்.

"இதுவும் கணக்குல சேருமா?" என்றாள் சரோஜா.

"ஏன் சேராது?"

"சேத்தாச்சு. இன்னொரு தடவ இழுத்தீங்க, நான் இறங்கிடுவேன்."

வீட்டு வாசலில் போனைக் காட்டினாள். ஐம்பத்து மூன்று விநாடி. டோல் திருட்டையும் சேர்த்து!

நாம் ஆசைப்படுகிற சாமான்களில் பாதி இப்படித்தான் போலிருக்கிறது. நம் ஐம்பத்து மூன்று விநாடிக்காக வாங்குகிறோம். மீதி இரண்டு மணி நேரமும் அதைத் தாங்கிக்கொள்கிறோம்.

போன வாரம் குணா 264-ஐப் போட்டார். ஞாயிறன்று ஓட்டிப் பார்த்தேன். மேம்பாலம் ஏறும்போது முன்பு முனகிய கார், இப்போது கியர் குறைக்காமலே ஏறுகிறது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று திரும்பினேன். சரோஜா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஷா ஆலமிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை, இருபத்தாறு நிமிடம்.

கேம்ஷாஃப்ட், வால்வு ஸ்பிரிங், கேஸ்கெட், ட்யூனிங், கூலி — எல்லாம் சேர்த்து 3,164 ரிங்கிட் 50 சென். அந்த ஐம்பது சென், பார்க்கிங்.