எங்கள் மாவட்டத்துப் பனி

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நான் என் அப்பாவின் மாவட்டத்தையே மாற்றிவிட்டேன். அதற்கு உடந்தை மாமா. அம்மாவின் தம்பியான அவர் அப்போது, நாங்கள் இருந்த ஜெர்மன் நகரத்துக்குப் பக்கத்து ஊரான கார்ஹிங்கில் ஆராய்ச்சி மாணவர். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்ட பாவத்துக்கு என் வீட்டுப்பாடத்தையும் பார்த்துக் கொடுப்பார்.

அந்த மாதம் பள்ளியில் மாவட்டம் பற்றிய பாடம். மலை, ஆறு, தட்பவெப்பம், பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லாம் படித்த பிறகு, அப்பாவோ அம்மாவோ வளர்ந்த மாவட்டத்தைப் பற்றிப் படங்கள் ஒட்டிய அட்டையோடு வந்து பேச வேண்டும் என்றார் ஆசிரியை. பெற்றோரும் வரலாம். அப்பா வளர்ந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. பாம்பன் பாலத்தின் படத்தை அட்டையின் நடுவில் ஒட்டச் சொன்னார். இங்கே இசார் ஆற்றில் இல்லாத பாலமா என்று கேட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

என் பக்கத்து இருக்கைக்காரியின் அம்மா ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வளர்ந்தவர். அவள் அட்டையில் பனிச்சிகரம் வரப்போகிறது. என்னுடையதில் முள்மரமும் புழுதியுமா? விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நான் பார்த்தது அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. மாமாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“ராமநாதபுரம்னா வெயிலு, கருவேலம், ரெண்டு நிமிஷத்துல பேசி முடிச்சிடுவ,” என்றார் மாமா. “பேசாம இமயமலைல இருக்கிற ஸ்பிதிய எடுத்துக்க. நான் ட்ரெக்கிங் போயிருக்கேன், போட்டோ நெறைய இருக்கு. இந்தியாவுல எந்த மாவட்டமா இருந்தாலும் நம்ம மாவட்டந்தான?”

இதைவிட நியாயமான பேச்சை அதுவரை நான் கேட்டதில்லை. மாமாவின் அறையிலேயே அட்டை தயாராகி அங்கேயே ஒளிந்திருந்தது. அலுவலகத்தில் லீவு கிடைக்காது என்று அப்பா சொல்லியிருந்ததால் எனக்குப் பயமும் இல்லை.

அன்று காலை நான் கரும்பலகை முன்னால் அட்டையை விரித்து நிமிர்ந்தபோது, அப்பா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அரை நாள் லீவு எப்படியோ கிடைத்திருந்தது. கடைசி வரிசையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து அட்டையைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் மனப்பாடம் செய்ததை ஜெர்மனில் ஒப்பித்தேன். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி எங்கள் மாவட்டம். நடுவில் இருக்கும் குன்சும் கணவாயைப் பனி மூடிவிட்டால் மாதக்கணக்கில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியாது. மழை மேகங்களை இமயமலை தெற்கிலேயே நிறுத்திவிடுவதால் ஸ்பிதி ஒரு குளிர்ப் பாலைவனம். குன்றின்மேல் வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியதுபோல இருப்பது கீ மடாலயம். பிறை வடிவத்தில் இருப்பது சந்திரதால் ஏரி. லாங்சா கிராமத்தில் கல்லாகிப்போன கடல் உயிரினங்கள் கிடைக்கின்றன, ஏனென்றால் அந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது.

வகுப்பு கைதட்டியது. ஆசிரியை அப்பாவின் பக்கம் திரும்பி, மழையே இல்லாத அந்த ஊரில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார். அப்பாவின் ஜெர்மன், கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

“ஊரணி வத்திப்போனா கம்மாய்க்குள்ள ஊத்துத் தோண்டுவோம்,” என்றார். “தண்ணி ஊற ஊற சிரட்டையால மோந்து ஊத்தணும். ஒரு கொடம் நெறைய ஒரு மணி நேரம் ஆகும். எங்கம்மாவும் நானும் மாறி மாறி உக்காந்திருப்போம். சொல்லும்மா அவங்ககிட்ட.”

நான் சொன்னேன். பனியை அடுப்பில் உருக்கித்தான் தண்ணீர் எடுப்பார்கள், ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும், அப்பாவும் அவருடைய அம்மாவும் அடுப்பருகில் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். அப்படியா என்பதுபோல ஆசிரியை அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அட்டையைச் சுருட்டி அவரே பிடித்துக்கொண்டார். ஓரம் மடங்கிவிடக் கூடாது என்று கவனமாக இருந்தார்.

“நல்லாப் பேசுன. அந்த ஏரி நெசமாவே அவ்வளவு நீலமா இருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

இருக்கும் என்றேன். அவருக்கு ஜெர்மன் தெரியாதது எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டு முன்னால் குதித்துக் குதித்து ஓடினேன்.

எங்கள் குடியிருப்பில் வாசல் பனியை அள்ளுவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. கதவருகே அதற்கொரு பட்டியல் தொங்கும். அதன் தலைப்பில் ‘ஷ்னே’, அதாவது பனி, என்று பெரிய எழுத்தில் இருக்கும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டு மண்வாரியோடு கீழே இறங்கியவர் அப்பாதான். வகுப்பில் நான் அந்தச் சொல்லை இரண்டு முறை சொன்னேன். அப்பாவுக்கு ஜெர்மனில் நன்றாகத் தெரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.