பரந்தாமன் அண்ணனின் பாட்டில்

பரந்தாமன் அண்ணனைக் குடிகாரர் ஆக்கியது எங்கள் வழிகாட்டிகள் சங்கம். அவர் செங்கல்பட்டில் நிமோனியாவால் இறந்த செய்தி வந்த காலையில், அதே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு மலர்வளையப் படம் போட்டார்கள்.

மாமல்லபுரம் வரும் பயணிகளுக்குச் சிற்பங்களை விளக்குவது எங்கள் தொழில். அதில் அவருக்கு நிகரானவரை நான் பார்த்ததில்லை. வெயிலில் சோர்ந்துபோன பள்ளிப் பிள்ளைகளையும், தவசுப் பாறையில் எலிகளுக்கு நடுவே தவசியாக நிற்கும் பூனைச் சிற்பத்தைக் காட்டியே சிரிக்க வைத்துவிடுவார்.

ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. மடியில் சும்மா கிடக்கும்போது ஆடும். சிற்பத்தைக் காட்ட நீட்டினால் அடங்கும். மரத்தடியில் உடன் காத்திருந்தவர்கள் ஆட்டத்தை மட்டுமே பார்த்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டியா?” என்றார் சங்கச் செயலாளர்.

பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்த டாக்டர், ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரை கொடுத்தார். அதையும் அண்ணன் சிற்பத்தை விளக்குவதுபோலத்தான் எனக்கு விளக்கினார்: “மூளைல ரெண்டு ரசாயனம் தராசு மாதிரி நிக்கணும்பா. எனக்கு ஒண்ணு கொறஞ்சிடுச்சு, இன்னொண்ணு ஆட்டம் போடுது. மாத்திரை அத்த அடக்குது. நோயி போவாது, நடுக்கம் கொறையும்.”

குறைந்தது. ஆனால் மாத்திரை வாயை வறளச் செய்தது. பேசிப் பிழைப்பவர், நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் திறந்தார். சங்கத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

“பாட்டில்ல இன்னா கீது?”

“எங்க தெரு பைப்புத் தண்ணி. உப்புக் கரிக்கும், குடிச்சுப் பாரு நைனா.”

செயலாளர் கை நீட்டவில்லை. அண்ணன் காட்டிய டாக்டர் சீட்டையும் பார்க்கவில்லை. வெளிநாட்டுக் குழுக்கள் வந்தால் அவரைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அண்ணன் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே அக்கறையோடு பேசினார்.

அறுபதுக்குப் பிறகு பேச்சின் நடுவே பெயர்கள் மறந்தன. இந்த வயதில் மாத்திரையும் காரணமாகலாம் என்ற டாக்டர், சட்டென்று நிறுத்தாமல் சிறிது சிறிதாகக் குறைத்தார். பெயர்கள் திரும்பி வந்தன; நடுக்கமும் வந்தது.

“கை ஆடினா ஆடட்டும்பா. கதை மறந்துட்டா நான் இன்னாத்துக்கு?” என்றார்.

கடைசியில் நீட்டிய கையும் ஆடியது. பிள்ளைகள் பூனையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு போய் வாருங்கள், அண்ணா.

இரங்கல் கூட்டத்தில் செயலாளர் அவரைச் சங்கத்தின் தூண் என்றார். கூட்டத்துக்கு வர மறுத்த அண்ணனின் மனைவி, அந்தப் பாட்டிலை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். செயலாளர் முன்னால் மேசைமேல் வைத்தேன்.

“இதுல இன்னா இருந்துச்சுன்னு மைக்ல சொல்லுங்கண்ணே.”

செயலாளர் அடுத்துப் பேச வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைத்தார்.