குளம் போலக் கிடந்த கடல்

இலங்கைப் பயணத்தின் கடைசி நாள். மதியம் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் கிளம்பினால்தான் திருச்சி விமானத்தைப் பிடிக்கலாம். இன்னும் ஒரு தடவை கடலில் குளிக்கணும் என்று என் எட்டு வயது மகள் அடம்பிடித்ததால், காலையில் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம்.

கடல் அலையே இல்லாமல் குளம் போலக் கிடந்தது. அந்தத் தைரியத்தில் அவளைக் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்காரவைத்துவிட்டு, நானும் கணவரும் முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா!" என்ற குரல் கேட்டுத் திரும்பினால், வளையம் வெகுதூரம் போய்விட்டது. கணவர் துரத்தி நீந்தினார். அவர் நெருங்க நெருங்க அது விலகியது.

கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஓடிவந்தார். "அண்ணை, திரும்பி வாங்கோ! கச்சான் காத்து கரையிலயிருந்து கடலுக்கு அடிக்குது. நீந்திப் பிடிக்க ஏலாது!" என்று கத்தினார். பிறகு என்னிடம், "தங்கச்சி, ரியூப் வளையத்தை விட வேண்டாமெண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருங்கோ" என்று சொல்லிவிட்டு, இன்னொருவருடன் படகைத் தள்ளினார்.

தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்கிறதா என்றே தெரியவில்லை. அவள் தலை ஒரு புள்ளியாகிவிட்டது. படகின் இன்ஜின் மூன்றாவது இழுப்பில்தான் கிளம்பியது.

கரைக்குக் கொண்டுவந்த பிறகும் அவள் விரல்கள் வளையத்தை விடவில்லை. நீந்தித் திரும்பியிருந்த கணவரும் நானும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். "நீ சொன்ன மாதிரியே விடலம்மா" என்றாள்.

இப்போது எந்தக் கடற்கரைக்குப் போனாலும், முதலில் ஒரு பிடி உலர்ந்த மணலைத் தூவிப் பார்க்கிறேன். அது கடல் பக்கம் பறந்தால், கால் நனைப்பதோடு சரி.