கீழே இருந்தவர்களோடு பேசியவள்

சுரங்கத்தில் எல்லாரும் அவளை விளக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கறைதான் அவளுடைய ராஜ்ஜியம். தலையில் மாட்டும் விளக்குகளுக்குச் சார்ஜ் ஏற்றி, கண்ணாடி துடைத்து, வேலைக்கு இறங்குகிறவன் கையில் ஒன்றொன்றாகக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஆனால் அவள் வெறும் விளக்கை மட்டும் கொடுத்தனுப்பியதே இல்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? உன் முகத்தப் பாத்தாலே தெரியுது, விட்டுருச்சு. தைரியமா போ."

"நேத்து மேஸ்திரி திட்டினத இன்னுமா மனசுல வச்சிருக்க? உன் வேலைய அவரு என்கிட்ட எவ்வளவு பெருமையா சொன்னாரு தெரியுமா."

காரணம் கேட்டால் சுருக்கமாகச் சொல்வாள். "எனக்குப் பாட வராது. சபையில எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும். இப்படி ஆள் ஆளாப் பேசத்தான் வரும். சரி, இதையே கர்த்தருக்குன்னு வச்சுக்குவோம்னு விட்டுட்டேன்."

அவள் புருஷன் அதே சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுக்கிறவர். வாயைத் திறக்கவே யோசிக்கிற மனிதர். "பேச்சுக்கு வரி போட்டா முதல்ல நம்ம வீடுதான் ஜப்திக்குப் போகும்" என்பார். மகள் சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற ஒரே மகள்.

விளக்கக்காவின் பேச்சு பிடிக்காத ஆளும் ஒருவன் இருந்தான். முசுடு என்றுதான் அவனுக்குப் பேர். வீட்டில் வைத்த பேர் அவனுக்கே மறந்திருக்கும்.

"எனக்கு விளக்கு போதும்க்கா. உபதேசத்த அடுத்த ஆளுக்குக் குடுங்க."

"சரிப்பா, பாத்துப் போயிட்டு வா."

"அதுவும் உபதேசம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கூண்டில் ஏறுவான்.

அன்றைக்கு மத்தியானம் அவள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று ஆடின. அப்புறம்தான் சங்கு ஊதியது. கூண்டு மேலே வந்தது, கீழே போனது, மறுபடியும் வந்தது. தூசி அப்பிய முகங்கள் வெளியே வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தன. சாயங்காலம் அலமாரியில் ஐந்து கொக்கிகள் காலியாக இருந்தன. ஒன்று முசுடுவுடையது. ஒன்று அவள் புருஷனுடையது. மேற்குப் பக்கத்துக் கூரை மொத்தமாக இறங்கிவிட்டது என்றார்கள்.

வாசல் கம்பிவேலியோரம் கூடாரம் போட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் பெண்டாட்டிகளும் அம்மாக்களும் அவளைத் தேடி வந்து உட்கார்ந்தார்கள். அது பழகிப்போன வழி. யாருக்கு எது நடந்தாலும் அவளிடம் வருவதுதானே வழக்கம்.

"ஏதாவது சொல்லுக்கா" என்றாள் ஒருத்தி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவள் புருஷன் சின்னப் பையன் மாதிரி இருப்பான்.

"கர்த்தர் காப்பாத்துவார்" என்றாள் விளக்கக்கா. அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததே தவிர அவளிடமிருந்து வரவில்லை. அவள் கை தன் முட்டியையே பிசைந்துகொண்டிருந்தது. மனசுக்குள் ஒரே கேள்வி ஓடியது: என்னை யார் காப்பாத்துவா?

மேலேயிருந்து துளை போட்டார்கள். முதல் துளை பாறையில் முட்டி வீணானது. இரண்டாவது துளை கீழே எட்டியபோது, துரப்பணக் கம்பியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. கூடாரத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். துளை மனிதன் கை நுழையும் அகலம்தான். அதன் வழியாகத் தண்ணீர், கஞ்சி, மருந்து, ஒரு கம்பியில் கட்டிய போன் எல்லாம் இறங்கின.

சுரங்கத்து இஞ்சினியர் அவளைத் தேடி வந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். "அம்மா, கீழேர்ந்து முதல்ல உங்களத்தான் கேக்கறாங்க" என்றார். அவளை நேராகப் பார்க்காமல் சொன்னார்.

போனில் கேட்டது முசுடுவின் குரல்.

"விளக்கக்காவா?"

"நான்தான்பா. அவரு எங்க? அவர்கிட்ட குடு."

"அக்கா, அண்ணன் இல்லக்கா. கல்லு விழுந்த உடனே போயிட்டாரு. வலிகூடத் தெரிஞ்சிருக்காது."

அவளுக்கு ஆண்களின் பொய் நன்றாகத் தெரியும். பயமில்லை என்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறுகிறவர்களைத் தினமும் பார்த்தவள். "நிஜத்தச் சொல்லுப்பா" என்றாள்.

அவன் மூச்சு இழுப்பது கேட்டது. "உடனே இல்லக்கா. ரொம்ப நேரம் இருந்தாரு. இடுப்புக்குக் கீழ கல்லு. எங்களால நகத்த முடியல. தண்ணி கேட்டாரு. அப்ப எங்ககிட்ட தண்ணி இல்ல."

"வேற என்ன சொன்னாரு?"

"உங்களக் கேலி பண்ணாரு. அவ மட்டும் இங்க இருந்தா பேசிப் பேசியே நம்மள மேல ஏத்திருவான்னாரு. நாங்க சிரிச்சோம். அதுக்கப்புறம் பேசல." அவன் குரல் இறங்கியது. "அக்கா, நான் கேக்கக் கூடாது. ஆனா சின்னவனுங்க ரெண்டு பேரும் சுவரப் பாத்துப் படுத்துட்டானுங்க. கஞ்சி எறங்குது, தொட மாட்டேங்கறானுங்க. எனக்கு அதட்டத்தான் தெரியும். நீங்க ஏதாவது பேசுங்கக்கா."

அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். துரப்பண எந்திரம் துப்பிய சேற்றில் கால் புதைந்தது. அங்கேயே உட்கார்ந்தாள்.

சபைப் போதகர் வந்தார். நல்ல மனிதர். அவள் தலைக்குமேல் குனிந்து, "கர்த்தர் தமக்குப் பிரியமானவரைத் தம்மிடத்தில் சேத்துக்கிட்டார். அதில ஒரு நோக்கம் இருக்கும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, இத நானும் எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். கேக்கறவங்களுக்கு இப்படித் தலையில கல்ல வச்ச மாதிரி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

போதகருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு தன் வெள்ளைச் சட்டையோடு அந்தச் சேற்றிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, "எனக்கும் ஒண்ணும் விளங்கலம்மா" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவளால் அழ முடிந்தது.

அழுது முடித்துவிட்டுக் கூடாரத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். தைரியம் வந்துவிட்டது என்று இல்லை. கீழே நாலு பேர் இருக்கிறார்கள், போன் மேசைமேல் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான்.

"தம்பிங்களா, விளக்கறை அக்கா பேசறேன். உங்களுக்குச் சொல்ல எங்கிட்ட நல்ல சேதி ஒண்ணும் இல்ல. எப்ப வெளிய வருவீங்கன்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் உங்க பக்கத்துலதான் கிடக்கறாரு. நானே பாதி செத்த மாதிரிதான் இருக்கேன். ஆனா உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன். இப்ப ஆளுக்கு ஒரு வாய் கஞ்சி குடிங்க. குடிக்கற சத்தம் எனக்குக் கேக்கணும்."

பிறகு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இது நான்க்கா, அவனுங்க இல்ல" என்றான் முசுடு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு உறிஞ்சல். "இது சின்னவன்."

அதன்பிறகு பொழுது விடிந்தால் அவள் அந்த மேசையில்தான். மேலே மழை பெய்வதைச் சொன்னாள். யாருடைய மகன் பல் விழுந்து சிரிக்கிறான் என்று சொன்னாள். பெரிய துளை போடும் எந்திரம் உடைந்துபோனதையும் மறைக்காமல் சொன்னாள். "எல்லாம் சரியாயிரும்" என்பதை மட்டும் சொல்லவே இல்லை. ஜெபம் செய்யச் சொன்னால் செய்தாள், இரண்டே வரியில். தனக்காக அவளால் ஒரு வரிகூட முடியவில்லை. இவர்களுக்காகப் பேசுவதையே நீர் ஜெபமாக எடுத்துக்கொள்ளும் என்று கர்த்தரிடம் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவைத்தாள்.

புதுசாய்க் கல்யாணமான பையனுக்குக் காலில் இருந்த காயம் அழுகத் தொடங்கியது. இறக்கிய மருந்து கேட்கவில்லை. ஒரு காலையில் அவன் குரல் காற்றாக வந்தது.

"அக்கா, நான் வந்துருவேனா?"

பக்கத்தில் அவன் பெண்டாட்டி நின்றிருந்தாள். பேசிப் பேசி அவளுக்கும் குரல் போயிருந்தது. "வந்துருவ" என்று சொல்லும்படி விளக்கக்காவின் தோளை அழுத்தினாள்.

"தெரியலப்பா" என்றாள் விளக்கக்கா. "ஆனா நீ தனியா இல்ல. உன் தலை யார் மடியில இருக்கு?"

"முசுடண்ணன் மடியில."

"இங்க உன் பொண்டாட்டி என் கையப் பிடிச்சுட்டு நிக்கறா. கர்த்தர் அங்கயும் இருக்கார்னு நான் நம்பறேன். இன்னிக்கு அத நம்பறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் நம்பறேன். நீ பயந்தா எங்க எல்லார் மேலயும் சாஞ்சுக்கோ."

"போதும்க்கா" என்றான். போனை அவன் பெண்டாட்டியின் காதில் வைத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். மத்தியானத்துக்குள் அவன் போய்விட்டான்.

பெரிய துளை ஒருவழியாக எட்டியபோது மூன்று பேர் மேலே வந்தார்கள். கண் கூசாமல் இருக்கத் துணி கட்டியிருந்தார்கள். முசுடுவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அவன் கையை நீட்டித் துழாவினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி குடுக்க முடியலக்கா" என்றான். அத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பான் போலிருக்கிறது.

"நீ அவர் கூடவே இருந்தியே. என்னால அதுகூட முடியலப்பா."

அவன் வாயைக் கோணிக்கொண்டு அழுதான்.

இறந்தவர்களை எடுக்க முடியாது, கூரை மறுபடியும் இறங்குகிறது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. துளைகளைச் சிமெண்ட் ஊற்றி அடைத்தார்கள். போதகர் அங்கேயே நின்று அடக்க ஆராதனை நடத்தினார். அதிகம் பேசவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் பக்கத்து வீட்டு அத்தைதான் அவளுக்குச் சாப்பாடு போட்டது. அம்மா இருட்டிய பிறகு வருவாள், படுப்பாள், எழுந்து போய்விடுவாள். அவ்வளவுதான்.

"முடிஞ்சுதா?" என்றாள் மகள். "எல்லார்கிட்டயும் பேசி முடிச்சிட்டியா? அந்தப் போன்ல பேசின பேச்சுல பாதி, கால்வாசி, என்கிட்ட பேசினியாம்மா? அப்பா எப்படிச் செத்தாருன்னு ஊருக்கே தெரியும். எனக்கு யாரும் சொல்லல. நான் வந்தா பேச்ச மாத்தறாங்க."

விளக்கக்கா பதில் தேடினாள். ஆயிரம் பேருக்குச் சொன்ன வாயில் தன் வயிற்றில் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு அன்றைக்கு வந்த பயம் சுரங்கம் இடிந்தபோதுகூட வரவில்லை.

"எங்கிட்ட நல்லதா சொல்ல ஒண்ணும் இல்லடி" என்றாள் கடைசியில்.

"நல்லதா வேணாம். நடந்தத சொல்லு."

அவள் தரையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் விழுந்ததைச் சொன்னாள். இடுப்பைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், அவர் கடைசியாகச் செய்த கேலியையும் சொன்னாள். கேலியைக் கேட்டு மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு சத்தமாக மாறியது. விளக்கக்கா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நாளைக்கும் எங்கயாவது போயிடுவியா?"

"போகல."

"சரி" என்றாள் மகள். முகத்தை அம்மாவின் வயிற்றில் புதைத்துக்கொண்டு, "அப்ப இன்னொரு தடவ சொல்லு. முதல்லேர்ந்து" என்றாள்.